மீனாட்சிசுந்தரம் பிள்ளை (திரிசிரபுரம்)

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (ஏப்ரல் 6, 1815 - பிப்ரவரி 1, 1876) பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவர், ஆசிரியர். மகாவித்துவான் என்ற பட்டத்தால் பெரிதும் அறியப்பட்டவர். உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களும் பல அந்தாதி, கோவை, கலம்பகம், உலா முதலிய சிற்றிலக்கியங்களும் இயற்றியுள்ளார். குழந்தையின் வளர்ச்சியையும் விளையாட்டையும் பொருளாகக் கொண்ட பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையில் மட்டும் பத்து நூல்கள் பாடியவர் இவர். தனியொரு புலவர் இத்தனை பிள்ளைத்தமிழ் பாடியது தமிழில் அரிது. பரதநாட்டிய ஆசிரியரான பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேறொருவர்.

பிறப்பும் இளமையும்

இவருடைய தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. சிதம்பரம் பிள்ளை மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பணி செய்த மரபினர். மதுரையை விட்டு நீங்கித் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே உள்ள சிற்றூர்களில் குடியேறி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்தார். எண்ணெய்க்கிராமம், அதவத்தூர், சோமரசம்பேட்டை ஆகிய ஊர்கள் இக்குடும்பத்தோடு தொடர்புடையவை. புலவரின் பிறந்த ஊராக எண்ணெய்க்கிராமமும் அதவத்தூரும் குறிக்கப்படுவதுண்டு. மதுரை இறைவன் இறைவியின் பெயரே மகனுக்கு இடப்பட்டது.

முதல் ஆசிரியர் தந்தையாரே. அக்காலத் திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் ஓலையைத் தொடுவதில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். மணலின் உராய்வை விரலும், ஒலியைச் செவியும், வடிவத்தைக் கண்ணும் ஒரே நேரத்தில் பெறும். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு, எண்சுவடி என்று பாடம் வளரும். இம்முறை தமிழ்நாட்டிற்கு வெளியேயும் சென்றது. சென்னையில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். அதைப் பற்றி 1797இல் இலண்டனில் அவர் நூல் வெளியிட்ட பிறகு அது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது.

திண்ணைப் பள்ளியின் மறுபக்கம் கடுமையானது. மனப்பாடமும் பிரம்பும் அங்கு மிகுதி. மணலில் எழுதும் சில மாதங்கள் கழிந்தபின் விளையாட்டுக்கு இடமில்லை. பொருள் விளங்காமலே நூற்றுக்கணக்கான சூத்திரங்கள் நெட்டுருப் போடப்பட்டன. மீனாட்சிசுந்தரம் இம்முறையில் சிறந்து விளங்கியவர். நிகண்டும் அந்தாதிகளும் இளமையிலேயே மனப்பாடமாயின. ஏறத்தாழப் பதினைந்து வயதில் தந்தையார் இறந்தபோது குடும்பப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. பின்னர்க் காவேரியாச்சி என்பவரை மணந்தார். இவர்களுடைய மகனுக்குப் பாட்டனாரின் பெயரான சிதம்பரம் என்பதே இடப்பட்டது.

திருச்சிராப்பள்ளியில் கல்வி

மேற்கல்விக்காகச் சோமரசம்பேட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி நகருக்கு வந்து மலைக்கோட்டைப் பகுதியில் குடியேறினார். அக்காலத்தில் தமிழ் படிப்பதற்கென்று கல்லூரி எதுவும் அங்கில்லை. யாரிடம் எந்த நூல் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் சென்று, வேண்டிய பணிவிடைகள் செய்து, ஏட்டைப் பெற்றுப் படியெடுத்துப் படிக்க வேண்டும். முத்துவீரியம் என்ற இலக்கண நூலை இயற்றிய உறையூர் முத்துவீர வாத்தியார் போன்ற பலரிடம் இவ்வாறு பாடம் கேட்டார். திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சையெடுத்து உண்ட பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் நன்கு தெரியும் என்று அறிந்து, அவர் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்து, அவருக்கு வேண்டியவற்றைக் கொடுத்து அந்நூலைக் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப் பெருமாளையர் ஆகியோரிடமும் பாடம் கேட்டார்.

இவருடைய இளமைக் காலத்துக் காவிரி இன்றைய காவிரியன்று. மேட்டூர் அணை 1934இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குமுன் ஆற்றின் வரவை ஆண்டின் பருவமே முடிவு செய்தது. கோடையில் ஆறு வெறும் மணற்பரப்பாகக் கிடக்கும். ஆடியில் குடகு மலையின் மழைநீர் செந்நிறப் புதுவெள்ளமாக வரும். ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கிய 1836ஆம் ஆண்டில் மீனாட்சிசுந்தரத்துக்கு வயது இருபத்தொன்று. வெள்ளத்தால் வர முடியாமல்போன தாய்க்குப் பதிலாக, சிவபெருமானே தாய் வடிவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் வரலாறு. குழந்தைப் பேற்றையும் காவிரி வெள்ளத்தையும் ஒரே கதையில் சேர்த்துச் சொல்லும் ஊர் திருச்சிராப்பள்ளி. அங்கே வளர்ந்த புலவர் பிள்ளைத்தமிழை நாடியதில் வியப்பில்லை.

பிள்ளைத்தமிழ் என்னும் வகை

கடவுளையோ அரசரையோ அடியாரையோ குழந்தையாகப் பாவித்துத் தாய் நிலையிலிருந்து பாடுவது பிள்ளைத்தமிழ். குழந்தையைப் பொருளாகக் கொண்டு பாடும் வழக்கைத் தொல்காப்பியமே குறிப்பிடுகிறது. பெரியாழ்வார் கண்ணனின் தாலாட்டு, சப்பாணி, தளர்நடை, அம்புலி ஆகியவற்றைப் பாடியுள்ளார். அப்பாடல்கள் திருவரங்கத்தில் மார்கழி, தை மாதங்களில் நடைபெறும் அத்தியயன உற்சவத்தில் திவ்வியப் பிரபந்தத்தோடு ஓதப்படுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தனி நூலாக அமைந்த பழைய பிள்ளைத்தமிழ். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இவ்வகையின் உச்சமாகக் கருதப்படுகிறது.

பருவம் என்ற சொல் தமிழில் மழைக்காலம், பனிக்காலம் போன்ற ஆண்டின் பிரிவையும் குறிக்கும், மனிதரின் வளர்ச்சி நிலையையும் குறிக்கும். பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களைக் கொண்டது. பருவத்திற்குப் பத்தாக நூறு பாடல்கள் அமைவது வழக்கம். பாட்டியல் நூல்கள் இப்பருவங்களை மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் வைத்துச் சொல்கின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. இறுதி மூன்று ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல் என்றும் அமையும். பெண்பால் நூல்களில் கழங்கு இடம்பெறுவதும் உண்டு. ஆண்பால் பருவங்களின் வரிசையும் நூலுக்கு நூல் சிறிது மாறும்.

ஒவ்வொரு பருவமும் குழந்தையின் ஓர் உறுப்பையோ புலனையோ செயலில் ஈடுபடுத்துகிறது. செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, காற்றில் அசையும் கீரைச் செடிபோல் ஆடும். அப்போது காற்சிலம்பும் அரைச்சதங்கையும் ஒலிக்கும். தன் உடலசைவால் ஓர் ஒலி பிறக்கிறது என்பதைக் குழந்தை உணர்வது இங்கேதான். தால் என்பது நாக்கு. தாய் நாவை அசைத்துப் பாடுவதைக் கேட்டுக் குழந்தை உறங்கும் பருவம் அது. சப்பாணி என்பது கைகொட்டுதல். முத்தப் பருவத்தில் தாய் முத்தம் கேட்க, குழந்தை கேட்டதைப் புரிந்துகொண்டு தர வேண்டும். வருகைப் பருவத்தில் குழந்தையைத் தளர்நடையிட்டு வருமாறு அழைப்பார்கள்.

அம்புலிப் பருவம் நிலவைக் குழந்தையோடு விளையாட அழைப்பது. சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களாலும் நிலவிடம் வாதாட வேண்டும் என்பதால் புலவர்கள் இதனைப் புலி என்று அஞ்சினர். இப்பருவத்திற்குக் குறிக்கப்படும் மாதம் பதினைந்து. இன்றைய குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்களும் இவ்வயதின் சுட்டும் செயலைச் சிறப்பாகக் கவனிக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் அசைகளை மழலையாக ஒலிக்கின்றன. ஓராண்டை ஒட்டி முதற்சொல் வருகிறது. அதே காலத்தில் விரலால் சுட்டிக் காட்டத் தொடங்குகின்றன. குழந்தை சுட்டும் பொருளின் பெயரை உடனே சொல்வது சொல்வளத்தை வளர்க்கிறது. எட்டாத பொருளைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, வா என்று அழைக்கும் அம்புலி விளையாட்டில் இவை மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பாட்டியல் எழுதியவர்கள் ஆய்வு செய்து மாதங்களை வகுத்தவர்கள் அல்லர். வீட்டுப் பெண்கள் கண்டதை மரபாக்கினார்கள் என்று கொள்வதே பொருந்தும்.

காவிரிக்கரையில் பருவ விளையாட்டுகள்

பிள்ளைத்தமிழின் பிற்பகுதிப் பருவங்கள் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளின் விளையாட்டுகளை நினைவூட்டுவன. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளில் இவற்றிற்கு ஆண்டின் பருவமும் உண்டு. சிற்றில் என்பது மணலில் கட்டும் சிறுவீடு. சிறுமியர் கட்டிய வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருவதும், அவர்கள் வேண்டாம் என்று இரப்பதும் இப்பருவத்தின் பொருள். கோடையில் ஆற்றுமணல் வெளிப்படும்போது அதற்குரிய காலம். சித்திரை நிலவில் ஆற்றுமணலில் அமர்ந்து நிலாச்சோறு உண்ணும் வழக்கமும் அப்போதுதான்.

சிறுதேர் உருட்டுவது கோயில் தேரைப் பார்த்த குழந்தையின் விளையாட்டு. திருவரங்கத்தில் சித்திரைத் தேரும் தைத் தேரும் ஓடுகின்றன. காவிரிப் பகுதியில் ஆடிப்பெருக்கு நாளில் குழந்தைகள் மரத்தாலான சிறு சப்பரங்களை இழுத்துச் செல்வதும் உண்டு. திருவரங்கம் அம்மாமண்டபத் துறையில் அன்று பெண்கள் புதுவெள்ளத்தை வழிபடுவார்கள். நீராடற் பருவத்தின் நிலைக்களம் இதுவே. மதுரை மீனாட்சிக்கு வையை எவ்வாறோ அவ்வாறே இப்பகுதி அம்மையருக்குக் காவிரி.

மொழிக்கு மிக நெருக்கமானது அம்மானை. காயையோ பந்தையோ மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பெண்கள் பாடுவது அது. ஒருத்தி ஒரு செய்தியைச் சொல்வாள். இரண்டாமவள் அதில் ஐயம் எழுப்பிக் கேட்பாள். மூன்றாமவள் இரட்டைப் பொருள்படும் சொல்லால் விடை சொல்வாள். பொருள் கீழே விழுவதற்குள் சொல் வந்தாக வேண்டும். கழங்கு என்பது கழற்சிக்காய்களை வீசிப் புறங்கையில் ஏந்தும் விளையாட்டு. இன்றும் கூழாங்கற்களைக் கொண்டு விளையாடும் சிறுமியர் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அடியாகப் பாடுவது இதன் எச்சமாகலாம்.

இவர் பாடிய பிள்ளைத்தமிழ்கள்

இவருடைய பிள்ளைத்தமிழ்களில் முற்பட்டது திருவானைக்கா அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ். திருவானைக்கா, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கம் அமைந்துள்ள அதே தீவில் உள்ள சைவத் தலம். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியது. கருவறையில் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கும். காப்புப் பருவத்தில் குழந்தையைக் காக்கும்படி முதலில் திருமாலை வேண்டுவது பிள்ளைத்தமிழ் மரபு. ஆகவே ஆனைக்கா அம்மையைக் காக்க முதலில் அழைக்கப்படும் தெய்வத்தின் பெருங்கோயில் அதே தீவில் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது.

உறையூர்க் காந்திமதியம்மை, கும்பகோணம் மங்களாம்பிகை, திருவெண்காடு பிரமவித்தியாநாயகி, திருவிடைக்கழி முருகன், சேக்கிழார், அம்பலவாண தேசிகர், ஆதிகுமரகுருபரர் ஆகியோர் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார். இவற்றுள் பெரிதும் போற்றப்படுவது சேக்கிழார் பிள்ளைத்தமிழ். துறவியரான மடத்துத் தலைவர்களையும் தவழவும் கைகொட்டவும் தேருருட்டவும் செய்தது இவருடைய பாடல். ஆதிகுமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் முருகன் அருளால் பேசத் தொடங்கினார் என்பது வரலாறு. தாமே பிள்ளைத்தமிழில் பெரும்புகழ் பெற்ற அவரை, சொல் வராத குழந்தையாக வைத்து மற்றொருவர் பிள்ளைத்தமிழ் பாடியிருப்பது கவனிக்கத்தக்கது.

இந்நூல்களைக் குழந்தைகளுக்குப் பாடிக்காட்ட இயலாது. சொற்கள் கடினமானவை. தலத்தின் புராணமும் சைவ சித்தாந்தமும் அடிதோறும் செறிந்தவை. ஆயினும் ஒரு பருவத்தின் பத்துப் பாடல்களும் ஒரே அழைப்புடன் முடிவதும், சந்தம் குழந்தையின் அசைவைப் பின்பற்றுவதும் வீட்டுத் தாலாட்டிலிருந்து வந்தவை. பத்து முறை அதே சொல்லைக் கேட்பது குழந்தைக்கு இன்பம், கற்றவருக்குப் புதுப்பொருள் காணும் வாய்ப்பு.

இவருடைய காலத்தில் ஐரோப்பாவில் இதே பொருளில் வேறொரு முயற்சி நடந்தது. ஜெர்மனியில் பிரீட்ரிக் பிரோபெல் 1837இல் பள்ளிப் பருவத்திற்கு முற்பட்ட குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் குழந்தைகள் தோட்டம் என்ற பொருளுள்ள கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டினார். தாயும் குழந்தையும் கைவிரல்களால் விளையாடிக்கொண்டு பாடும் பாடல்களின் தொகுதி ஒன்றை 1844இல் வெளியிட்டார். அவர் அப்பாடல்களைப் பயிற்சி முறையாக்கினார். தமிழில் அது இலக்கிய வகையாகவே நின்றது. வீட்டில் கைகொட்டிய குழந்தை திண்ணைப் பள்ளிக்குச் சென்றதும் அவ்விளையாட்டுகளுக்கும் பாடத்திற்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. பிள்ளைத்தமிழே அப்பள்ளியில் பயின்று வளர்ந்த மாணவர்களுக்கு இலக்கணத்தோடு பாடம் சொல்லப்படும் நூலாயிற்று. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவி ஒலிக்கச் செய்யும் தம் முறையை ஆசிரியர்களுக்குக் கற்பித்தபோது, மணலில் எழுதிய திண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன.

ஆசிரியப் பணி

மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவர்களிடம் ஊதியம் பெறவில்லை. தம் வீட்டிலேயே பலருக்கு உணவளித்துக் கற்பித்தார். சாதி, சமய வேறுபாடு பாராட்டவில்லை. பூவாளூர் தியாகராச செட்டியார், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை, நாகூர் குலாம் காதிறு நாவலர் ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை இவருடைய நெருங்கிய நண்பர். அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீப்பாக இருந்தபோது அங்குச் சென்று 1860இல் சீகாழிக் கோவை இயற்றினார். அதன்பின் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கி, அம்மடத்தில் மகாவித்துவான் பட்டம் பெற்றார்.

செய்யுள் இயற்றும் வேகம் வியக்கத்தக்கது. இவர் வாய்மொழியாகச் சொல்ல மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுதுபவர் கை ஓயும்வரை பாடல்கள் வந்துகொண்டேயிருக்கும். இவ்வளவு விரைவாகப் பாடியதனால்தான் சில புராணங்களில் வருணனை வாய்பாடாகிவிட்டது என்று கருத இடமுண்டு. பிள்ளைத்தமிழ்களில் அக்குறை குறைவு.

1871இல் மாயூரத்தில் வேங்கடராமன் என்ற பதினாறு வயது இளைஞர் மாணவராகச் சேர்ந்தார். அவருக்குச் சாமிநாதன் என்று பெயர் மாற்றியவர் இவரே. அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் சாமிநாதருக்குப் பாடமாயின. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதர் இசை பயில்வதை அறிந்தபோது, இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் கூர்மை குறையும் என்ற கருத்தைத் தெரிவித்தார். மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். செங்கீரைச் சந்தத்திற்குச் சதங்கை ஒலியைத் தேடிய புலவரிடமிருந்து இக்கருத்து வந்தது சற்று வியப்பானதே. அதே பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு வந்தபோது இலக்கணப் பிழைகளுக்காக முதலில் தயங்கியவர், அவர் பாடக் கேட்டதும் உருகிப் பாயிரம் அளித்தார்.

இறுதிக் காலம்

வருவாய் நிலையாக இல்லாததாலும், வந்ததை மாணவர்க்கும் விருந்தினர்க்கும் செலவிட்டதாலும் கடைசிவரை கடனில் இருந்தார். 1875இன் இறுதியில் உடல்நலம் குன்றியது. திருவாவடுதுறையில் 1876 பிப்ரவரி 1 அன்று காலமானார். இறுதி நேரத்தில் சவேரிநாத பிள்ளை உடலைத் தாங்கியிருக்க, சாமிநாதர் அருகில் திருவாசகம் படித்தார்.

மறைவுக்குப் பின்

தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தாம் வகித்த பதவியை 1880இல் உ. வே. சாமிநாதையருக்குக் கிடைக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று வினவினார். அவர் தம் ஆசிரியரிடம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை நீண்ட பட்டியலாகச் சொன்னார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தாமல், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அச்சந்திப்பின் விளைவே 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பும் அதைத் தொடர்ந்த சங்க நூற்பதிப்புகளும். அதன்பின் தமிழ்க் கல்வியின் மையம் பழைய இலக்கியங்களுக்கு மாறியது. சிற்றிலக்கியங்கள் செயற்கையானவை என்று ஒதுக்கப்பட்டன. அவற்றோடு பிள்ளைத்தமிழும், அதில் பதிவாகியிருந்த குழந்தை விளையாட்டுகளும் கற்றோர் கவனத்திலிருந்து விலகின. சாமிநாதையர் தேடிப் பதிப்பித்த நூல்கள் அவருடைய ஆசிரியரின் நூல்களைப் பின்தள்ளியது எதிர்பாராத விளைவு.

எனினும் சாமிநாதையர் ஆசிரியரைக் கைவிடவில்லை. ஆசிரியரின் சிற்றிலக்கியங்களைத் திரட்டி 1910இல் பிரபந்தத் திரட்டு என்ற பெயரில் வெளியிட்டார். தம்முடைய எழுபத்தெட்டாம் வயதில் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் என்ற வாழ்க்கை வரலாற்றின் முதற்பாகத்தை 1933இலும் இரண்டாம் பாகத்தை 1934இலும் பதிப்பித்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி அந்நூலிலிருந்தும், சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரத்திலிருந்தும் கிடைப்பதே.